டவுன்ஃபோர்ஸும் ஓர் எலுமிச்சம்பழமும்

ஜவ்வாது மலையில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆள் ஏற்ற அலைந்தார்கள். காற்றை ஏற்ற அலைந்த ஒரே மனிதர் டவுன்ஃபோர்ஸ்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அது இருப்பதாகச் சொல்வார்கள். ஜமுனாமரத்தூர் ஆபீசில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அவருடைய ஜீப்பில்தான் மலை ஏறி இறங்கினேன். ஒரு நாளும் அந்தப் பெயர் என் காதில் விழுந்ததில்லை. சந்தைக்காரர்களுக்கும் டீக்கடைக்காரருக்கும் அவர் டவுன்ஃபோர்ஸ். பெற்ற தகப்பனே மளிகைக் கடை கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "டேய் டவுன்ஃபோர்ஸு, கீழ போனா ஒரு சிப்பம் வெல்லம் எடுத்துகினு வாடா" என்றுதான் கத்துவார்.

காலையில் மலையிலிருந்து சாமை, புளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார். மூட்டையை மண்டியில் தள்ளிவிட்டு, போளூரில் காத்திருக்கும் எங்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவார். எங்களை என்றால் ஆபீஸ் ஆட்களை. பஸ் உண்டு, ஆனால் அது தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்கு நிற்கும். அதனால் மாற்றலாகி மலைக்கு வந்த முதல் நாளே, எல்லோரையும் போல நானும் டவுன்ஃபோர்ஸிடம் சரணடைந்தேன்.

அந்த முதல் நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆசையாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். வந்து நின்றார்.

"மேடம், நீங்க நடுவுல வந்துடுங்க. பின் சக்கரத்துக்கு முன்னாடி. இதான் உங்க எடம்."

"ஏன் தம்பி? இங்க காலியாத்தானே இருக்கு?"

அவர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்தார். மண்டியில் மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதே பார்வை.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்போ ரேஸ்ல ஓடுற காரு மாதிரி. வெயிட்டு ஜாஸ்தி. ஓரத்துல ஒக்காந்தா வளைவுல வண்டி சாஞ்சிடும். ஏகாம்பரம் சாரைப் பாருங்க, அறுவதுல வந்த காரு. எங்க தூக்கி வெச்சாலும் ஒண்ணுதான்."

எங்கள் ஸ்டோர் கீப்பர் ஏகாம்பரம் குடைக்கம்பி மாதிரி இருப்பார். அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷன், அதுவும் காலங்கார்த்தாலே, நாலு பேர் முன்னால் என் எடையைப் பற்றிப் பேசிவிட்டான்! ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் ஒரு வாரமும் நடு சீட்டில்தான் உட்கார்ந்தேன், ஏனென்றால் நான் உட்காராமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார்.

டவுன்ஃபோர்ஸ் பாலிடெக்னிக் படித்தவர். ஹாஸ்டல் டிவியில் ஒருநாள் கார் ரேஸ் பார்த்தாராம். அத்தோடு முடிந்தது அவர் கதை. அன்றிலிருந்து உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கார் எந்த வளைவில் திரும்பினாலும் அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் என்றால், சிக்னல் கிடைப்பதற்காக ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் வேறு வண்டிதான் பார்க்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் பாறையிலிருந்து குதித்து ஓடினார். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் புருஷனிடம் ஐம்பது வருஷத்துக் கார் சரித்திரம் சொல்லிக்கொண்டே போனார், அது மட்டும்தான் குறை.

அவருடைய சித்தாந்தத்தை எனக்கு விளக்கியது டீக்கடையில். நான் பேச ஆரம்பித்த முதல் நாள் அது. நானாகத்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது.

"அது இன்னா தம்பி, டவுன்ஃபோர்ஸு?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். கண்ணில் ஒரு ஜோதி வந்தது.

"மேடம், வளைவுல வண்டி வெளிய ஓடாம நிக்கணும்னா, டயரு ரோட்டை அழுத்திப் புடிக்கணும். சரியா? அழுத்தணும்னா இன்னா பண்ணலாம்? ஆளை ஏத்தலாம். உங்களை மாதிரி."

"என்னை விடுங்க."

"விட்டுட்டேன். ஆளு ஏறுனா வண்டி அழுந்தும். ஆனா வளைவுல அந்த ஆளையும் சேத்து இழுத்துத் திருப்பணும். அவரு நேரா போறேன்னு அடம் புடிப்பாரு. அதால புடிப்பு கெடச்ச மாதிரி கெடச்சு, வேலையும் கூடிப் போச்சு. லாபம் இல்ல. இப்ப காத்தை ஏத்துறோம்னு வைங்க. ஏரோப்ளேன் றெக்கையைத் தலைகீழா மாட்டுனா, வேகமா போறப்ப காத்து மேல ஒக்காந்து அமுக்கும். ஆளு மாதிரியே அமுக்கும். ஆனா வளைவுல காத்தைத் திருப்ப வேணாம்! அது பாட்டுக்கு எறங்கிப் போய்டும். அமுக்குறதுக்கு வரும், பாரத்துக்கு வராது. அந்த மாதிரி ஒரு பாசஞ்சர் எங்கயாவது உண்டா?"

"டிக்கெட்டும் குடுக்காதே" என்றார் ஏகாம்பரம்.

"அதான் சார் டவுன்ஃபோர்ஸு. காத்துதான் ஹீரோ, வெயிட்டுதான் வில்லன்" என்று முடித்தார். வில்லன் என்று சொல்லும்போது என்னைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நெடுஞ்சாலைத் துறை எண் போட்டிருந்தது. டவுன்ஃபோர்ஸ் அதை மதித்ததே இல்லை. அவர் பெயர் வைத்திருந்தார். கீழே முதலில் வருவது வெறுங்கால் வளைவு.

"ஆரம்ப காலத்து காரு மேடம். டயரு ஒல்லியா, சைக்கிளுக்கு அண்ணன் மாதிரி. அமுக்குறதுக்கு ஒண்ணும் கெடயாது. வளைவுல சறுக்கினேதான் போவாங்க. பெல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆம்பளைங்க!"

அதற்கு மேலே றெக்கை வளைவு. அறுபதுகளின் கடைசியில் கார்களுக்குக் குச்சி குச்சியாய்க் கால் வைத்து உயரத்தில் இறக்கை மாட்டினார்களாம். அது ஒடிந்து விழுந்து, ஆட்கள் அடிபட்டு, உயரத்தைக் குறை என்று சட்டம் வந்ததாம். இதைச் சொல்லும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து இறக்கை விழுந்த விதத்தைக் காட்டுவார். நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம்.

அதற்கும் மேலே உறிஞ்சி வளைவு. "எழுபது முடியுறப்ப ஒருத்தனுக்கு மூளை வேலை செஞ்சிது. எதுக்கு மேல றெக்கை? வண்டி அடிப்பக்கத்தையே றெக்கை ஆக்கு! அடியில காத்து வேகமா ஓடுனா வண்டியைக் கீழ இழுக்கும். பக்கத்துல காத்து பூந்துடாம பாவாடை கட்டி மூடுனாங்க. ரோட்டை அப்படியே பாயாசம் உறிஞ்சுற மாதிரி உறிஞ்சிகினு போச்சு மேடம்!"

பாயாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் ஜன்னல் பக்கம் பாய்ந்தேன். நடு சீட்டிலிருந்து ஜன்னலுக்குப் பாய வேண்டுமென்றால் ஏகாம்பரத்தைத் தாண்ட வேண்டும். முழுக்கத் தாண்டவில்லை. ஏகாம்பரம் அன்று ஆபீசுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குத் திரும்பினார். அவர் சிரித்த சிரிப்புக்கும் அதற்கும் சரியாகப் போயிற்று.

அன்றிலிருந்து டவுன்ஃபோர்ஸ் எனக்காக டாஷ்போர்டில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். அவர் கணக்கில் அது வெறும் பழம் அல்ல, அளவுகோல். "சறுக்குற காலத்து காருக்கு ஒரு பழம் போதும் மேடம். உறிஞ்சி காருக்கு அரை டஜன். ரெண்டாயிரத்துக்கு அப்புறம் வந்தது கீதே, லேசான வண்டி, சுத்திச் சுத்தி றெக்கை. அதுல உங்களை ஒக்கார வெச்சா தோப்பே பத்தாது. அந்த டிரைவருங்களுக்குக் கழுத்தும் தலையும் ஒரே அகலத்துல இருக்கும். தலை கழண்டு பக்கத்து ஊருக்குப் போவாம புடிச்சு வெக்கணும் இல்ல?"

"வண்டி ஓட்டுறவங்க வாந்தி எடுக்க மாட்டாங்களா தம்பி?"

"ஸ்டீயரிங் புடிச்சவனுக்கு வாந்தி வராது மேடம். வளைவு வர்றது வயித்துக்கு முன்னாடியே தெரியும்." இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

மலை உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி வளைவு. அது எருமை வளைவு. இப்போது ஓடும் கார்களுக்கு அவர் செய்த மரியாதை. "அகலமான டயரு, அமுக்குற காத்து, வேகமான வளைவுல கால் எடுக்காமலே திரும்பும். சரித்திரத்துலயே வேகம். ஆனா பேட்டரி, பாதுகாப்பு, அது இதுன்னு ஏத்தி ஏத்திக் கொழுத்துப் போச்சு. இந்த மாதிரி கொண்டை ஊசி வந்தா மெதுவாத்தான் போவணும். மெதுவா போனா காத்து அமுக்காது. காத்து எறங்கிடும், வெயிட்டு மட்டும் அப்பிடியே ஒக்காந்திருக்கும். அப்ப எருமைதான். இப்போ சட்டம் போட்டு கொஞ்சம் எளைக்கச் சொல்லிக் கீறாங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். "நான் எளைக்க மாட்டேன்" என்பேன்.

இவ்வளவு தெரிந்த மனிதர், இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் ஜீப்புக்கு இறக்கை மாட்டியதுதான் வேடிக்கை. மூடிப்போன ஒரு ஓட்டலின் தகரப் போர்டை வாங்கி, வெல்டிங் கடையில் வளைத்து, வண்டியின் பின்பக்கம் தலைக்கு மேலே நிறுத்திவிட்டார்.

"தம்பி, நம்ம வேகத்துக்குக் காத்து எங்க அமுக்கும்? நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியும் மேடம். ஆனா ஒரு மரியாதைன்னு கீது இல்ல?"

போர்டில் 'சாப்பாடு தயார்' என்று எழுதியிருந்ததை அவர் அழிக்கவில்லை. கோடை விழா சமயம், ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அடிவாரத்திலிருந்து எங்கள் ஜீப்பையே பின்தொடர்ந்து வந்து ஆபீஸ் வாசலில் இறங்கி, "எத்தனை மணிக்குங்க இலை போடுவீங்க?" என்று கேட்டது. ஏகாம்பரம் தன் தயிர்சாதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று.

காற்று வரவில்லையே தவிர, இறக்கைக்கு மற்ற எல்லாரும் வந்தார்கள். சந்தை நாளில் ஒருவர் கோழிகளைக் கட்டித் தொங்கவிட்டார். இன்னொருவர் பலாப்பழத்தைக் கட்டினார். றெக்கை வளைவில் காத்திருக்கும் குரங்குகள் வண்டி மெதுவானதும் தாவி ஏறி, வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சி வளைவு வரை சவாரி செய்துவிட்டு இறங்கிக்கொள்ளும். "அமுக்குதா தம்பி?" என்று கேட்டேன். "அமுக்குது மேடம். ஆனா இது வெயிட்டுக் கணக்குல வரும்" என்றார் வருத்தமாக. ஒரு நாள் புளிய மரக் கிளையொன்றில் மாட்டி இறக்கை கழன்று விழுந்தது. சட்டம் வருவதற்கு முன்னால் மரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

கொடுக்கத் தயாராக நிறையப் பேர் இருந்தார்கள், அதுதான் விஷயம். சொந்தக் கடை, சொந்த வண்டி, குடிப்பழக்கம் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாம் கீழே என்பதால் பெண்ணும் கீழேதான் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தும்; பேச்சு முடியும்; கடைசியில் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க மலை ஏறி வர வேண்டும். அங்கேதான் சிக்கல். ஜாதகம் பொருந்திய ஒருவருக்கும் வயிறு பொருந்தவில்லை. வந்த கூட்டமெல்லாம் பாதி மலையில் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிடும். முகத்தைக் கழுவிக்கொண்டு, "இன்னொரு நாள் வர்றோங்க" என்று கீழே போய்விடும். அந்த இன்னொரு நாள் வந்ததே இல்லை. ஒரு பெண்ணின் அப்பா மட்டும் திடமாக மேலே வந்து சேர்ந்தார். அவரிடம் நம்மவர், "இப்ப இருக்குற ரேஸ் காரை வேகமா போறப்ப கூரையில தலைகீழா ஓட்டலாம் மாமா, விழாது. காத்து அவ்ளோ அமுக்கும்" என்றார். இந்த மாப்பிள்ளை நம் பெண்ணைக் கூரையில் ஓட்டிவிடுவான் என்று அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

பிறகு ரேவதி வந்தாள். டவுன்ஃபோர்ஸ் மூட்டை இறக்கும் மண்டியில் எடை போடுகிற பெண். ஒருநாள் இவர் வழக்கம்போல இறக்கைப் பிரசங்கத்தை ஆரம்பிக்க, முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்க வண்டியில புளியைவிடக் காத்துதாங்க ஜாஸ்தி வருது. அதுக்கு எடை போட முடியாது" என்றாளாம். மனிதர் அங்கேயே காலி. அன்றைக்கு மேலே வரும்போது ஒரு வளைவுக்கும் சரித்திரம் சொல்லவில்லை. நாங்கள் பயந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம்.

ரேவதிக்கும் பிடித்துவிட்டது. அவளுக்கு மலையும் பழக்கம். ஸ்கூட்டியிலேயே ஏறி வருவாள். குறுக்கே நின்றது அவளுடைய அம்மாவின் வயிறு. அந்த அம்மா படவேட்டில் கோயில் வாசலில் தேங்காய், பூக் கடை வைத்திருந்தார். ஆரணிக்குப் பஸ் ஏறினாலே, அதுவும் நேர் ரோட்டிலே, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர். புருஷன் இல்லை. ஒரே பெண்.

டவுன்ஃபோர்ஸ் என்னிடம் வந்து நின்ற அந்தக் காலையில் அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"அவங்கம்மா நகை கேக்கல, சீர் பேசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க மேடம். 'தம்பி, பொண்ணைக் குடுத்துட்டு, நெனச்சப்ப போய்ப் பாக்க முடியாத எடத்துல நான் எப்பிடிக் குடுப்பேன்? ஒரு தபா உங்க வூட்டுக்கு நல்லபடியா வந்து எறங்கிட்டேன்னா சரி. முடியலன்னா உடுங்க, நீங்களும் வேற பாருங்க'ன்னுட்டாங்க."

அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் அம்மாவும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம இட்டுகினு வர்றேன். நீங்களும் வரணும் மேடம்."

"துணைக்கா?"

நெளிந்தார். "துணைக்கும்தான். ஆனா மெயினா வெயிட்டுக்கு. காலி வண்டின்னா பட்டை ஸ்பிரிங்கு துள்ளும். பாரம் கீழ, நடுவுல ஒக்காந்தா வண்டி அடங்கி வரும். வெயிட்டு வில்லன்னு சொன்னேன் இல்ல மேடம், அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் செருப்பு பறந்திருக்கும். "வர்றேன்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஒத்திகை. ஏகாம்பரம் மடியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய சொம்பு. ஒரு சொட்டு சிந்தினால் அந்த வளைவைத் திரும்ப எடுப்பார். முதல் நாள் ஏகாம்பரம் குளித்துவிட்டு ஆபீசுக்கு வந்தவர் மாதிரி இறங்கினார். வார முடிவில் வேட்டி நனையவில்லை. வாழ்க்கை முழுதும் வேகமான வளைவைக் கும்பிட்ட மனிதர், உலகத்திலேயே மெதுவான வளைவைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஆபீசுக்குத்தான் தினமும் தாமதமாகப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் ரேஸ் இருந்தது. அவருக்கு ஞாபகமே இல்லை. அடிவாரத்தில் ரேவதியும் அம்மாவும் காத்திருந்தார்கள். அந்த அம்மா கையில் மஞ்சள் பை, அதில் பிளாஸ்டிக் கவர் கத்தை, ஓர் எலுமிச்சம்பழம், ஊறுகாய், விபூதி. போருக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். முன்சீட்டில் அவரை உட்கார வைத்தோம். பின்னால் தரையில், பாரத்துக்கென்று மண்டியில் இறக்காமல் வைத்திருந்த சாமை மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே நான், இன்னொரு மூட்டையாக. ரேவதி என் பக்கத்தில்.

"போலாமாம்மா?" என்றார் டவுன்ஃபோர்ஸ். குரல் அவருடையதாகவே இல்லை.

வெறுங்கால் வளைவு. வண்டி ஊர்ந்தது. ஊர்ந்தது என்பதுகூட அதிகம். பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. டூவீலர்கள் போயின. விறகுக் கட்டோடு நடந்து போன இருவர் எங்களைக் கடந்துவிட்டு, என்ன கோளாறு என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

றெக்கை வளைவில் குரங்குகள் ஆவலோடு வந்து பார்த்து, இறக்கை இல்லாததைக் கண்டு ஏமாந்து போயின. அந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். "திரும்பிட்டோமா?" என்றார். "திரும்பிட்டோம்மா" என்றாள் ரேவதி.

"வயிறு ஒண்ணும் பண்ணலியே!"

உறிஞ்சி வளைவு. பாயாசம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அதையும் தாண்டினோம். அந்த அம்மா இரண்டு கண்ணையும் திறந்து, எலுமிச்சம்பழத்தை மடியில் இறக்கி, வெளியே பார்க்க ஆரம்பித்தார். "இன்னாடி, இம்மாம் அழகா கீது! இதைப் பாக்காமலே கண்ணை மூடிகினு இருந்துட்டனே!" பிறகு டவுன்ஃபோர்ஸைப் பார்த்தார். "தம்பி ரொம்பப் பேசுவாருன்னு சொன்ன. வாயே தொறக்க மாட்டேங்கிறாரு?"

பேசுகிற நிலையில் அவர் இல்லை. ஒரு கண் ரோட்டில். ஒரு கண் அந்த அம்மாவின் முகத்தில். அவர் தொண்டை அசைந்தால் இவர் பிரேக்கைத் தொட்டார். அவர் மூச்சு விட்டால் இவர் மூச்சைப் பிடித்தார். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. கண்ணாடியில் தெரிந்த முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

எருமை வளைவு. பாதி திரும்பியிருப்போம். வண்டி நின்றது. கை பிரேக்கைப் போட்டார், கதவைத் திறந்தார், இறங்கினார், ரோட்டோரத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

பயணம் முழுக்க வாந்தி எடுத்தது ஒரே ஒருவர். ஸ்டீயரிங் பிடித்தவர்.

மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த எருமை ஒன்று, மெய்யான எருமை, எங்களை நிதானமாகத் தாண்டிப் போனது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கே மலை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் பெண் கொடுப்பார்கள்?

அந்த அம்மா இறங்கினார். அவசரமே இல்லாமல் போய், ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்தார், இன்னொரு கையால் முதுகைத் தடவினார். தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவர் மூக்கில் வைத்தார்.

"மோந்துக்கோ தம்பி. அவசரம் இல்ல. நல்லா மோந்துக்கோ."

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார் டவுன்ஃபோர்ஸ். கண்ணில் தண்ணீர், வாந்தியாலா, அவமானத்தாலா தெரியவில்லை. "எனக்கு எப்பவும் வராதுங்க. சத்தியமா வராது. இன்னிக்கு உங்களுக்கு வந்துடக் கூடாதேன்னு பாத்துகினே வந்தேன்..."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ரேவதியைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கு வரவேண்டிய வாந்தியை இவுரு எடுத்துட்டாரு. இவுருக்குக் குடுக்காம யாருக்குடி உன்னைக் குடுக்கிறது?"

மிச்ச தூரத்துக்கு ரேவதிதான் ஜீப்பை ஓட்டினாள். ஜீப் ஓட்டத் தெரியும் என்பதை அதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டவுன்ஃபோர்ஸ் சாமை மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, "வளைவுல லைன் நல்லா எடுக்குறீங்க" என்று முனகினார். கல்யாணம் நிச்சயமான அன்றைக்கு அவர் பேசிய காதல் வசனம் என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. 'சாப்பாடு தயார்' தகரத்தைத் தேடி எடுத்துப் பந்தி வாசலில் மாட்டினார்கள். அந்தப் போர்டு உண்மை பேசிய ஒரே நாள் அது. மாமியார் இப்போதெல்லாம் நினைத்தபோது மலை ஏறி வருகிறார். முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, "இன்னா மாப்ள, எருமையாட்டம் போறீங்க? கொஞ்சம் அமுக்குங்க" என்கிறாராம்.

எனக்கு ஆரணிக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் பிரிவுபசாரமெல்லாம் ஆபீசில் முடிந்து ஜீப்பில் இறங்கும்போது, டவுன்ஃபோர்ஸ் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. டாஷ்போர்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. இத்தனை வருஷம் வண்டி நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கொஞ்ச நாள் கழித்து ஃபோன் வந்தது.

"மேடம், நல்லா கீறீங்களா? ஒரு டவுட்டு. நீங்க ஒக்கார்ற எடத்துல ரெண்டு மூட்டை சாமை போட்டுப் பாத்தேன். சரியா வர்ல. வளைவுல வண்டி ஆடுது."

"மூணு மூட்டையா போட்டுப் பாருங்க தம்பி."

"போட்டேன் மேடம். அப்பவும் ஆடுது."

என் எடையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு பிரியமாக யாரும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போளூருக்குப் பஸ் ஏறினேன். ஜீப் வந்து நின்றது. ஜன்னலோரம் முழுக்கக் காலியாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே போய், நடு சீட்டில், பின் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.